நடுமூளையின் கருந்திட்டு

கிராமொக்சோன் என்றால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்து மூத்த வயற்காரருக்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் களைக்கொல்லியிலிருந்த நஞ்சு பரகுவாட். நஞ்சருந்தி இறப்பவர்களின் தொகையைக் குறைக்க, 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கை அதைப் படிப்படியாகத் தடைசெய்தது.

புல்லுக்குள் ஓடும் இலத்திரனைப் பறித்து ஒட்சிசனிடம் கொடுப்பதுதான் பரகுவாட்டின் வேலை. அந்த ஒட்சிசன் கலத்தின் மென்சவ்வை அரிக்கும். கொடுத்த பரகுவாட்டோ தேயாமல் அடுத்த இலத்திரனைப் பறிக்கப் போய்விடும். நல்ல வெயிலென்றால் சில மணிநேரத்தில் புல் வாடிவிடும். மனிதக் கலத்துக்குள் போனாலும் இதே பறிப்புத்தான். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பரகுவாட்டைக் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. அதுதான் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

என்னை மலைக்க வைப்பது வேறொன்று. பார்க்கின்சனில் நடுமூளையின் கருந்திட்டு என்ற ஒரு சிறு பகுதிதான் மற்றவற்றைவிட மோசமாக அழிகிறது. இறந்தவரின் மூளையைக் குறுக்காக வெட்டினால் அது வெறுங்கண்ணுக்கே கறுத்த பட்டையாகத் தெரியும். நோயாளியின் மூளையிலோ வெளிறிப்போயிருக்கும். அங்குள்ள ஒரேயொரு நரம்புக்கலத்தின் இழையைக் கிளைகளோடு நீட்டிப் பார்த்தால் 4 மீற்றருக்கும் மேல் போகும் என்று கணித்திருக்கிறார்கள். அத்தனை கிளைக்கும் சக்தி கொடுக்க வேண்டும். ஓய்வின்றித் துடிக்கும் அந்தக் கலத்துக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் கல்சியம் புகுகிறது. அதை வெளியேற்றவும் சக்தி வேண்டும். போதாததற்கு, அது சுரக்கும் டோபமைனே ஒட்சியேறி நஞ்சாகக்கூடியது. பக்கத்திலேயே டோபமைன் சுரக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கல்சியத்தைப் பிடித்துவைக்கும் கல்பிண்டின் என்ற புரதம் அதில் பல கலங்களிடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குச் சேதம் குறைவு.

நெருக்கடி வந்தால் கலம் சும்மா இருப்பதில்லை. பழுதான புரதங்கள் குவிந்ததும் 'பேர்க்' என்ற நொதி விழித்துப் புதுப் புரத உற்பத்தியைக் குறைக்கிறது. தண்ணீர் குறைந்த நாளில் இரணைமடுக் குளத்தின் துருசை இறக்குவது போன்ற சிக்கனம் இது. போகம் முழுக்க இறக்கியே வைத்தால் பயிர் கருகும். பார்க்கின்சன் நோயாளிகளின் கருந்திட்டில் பேர்க் விழித்திருந்த தடயம் கிடைத்திருக்கிறது. அல்சைமரில் அதே தடயம் நினைவைக் காக்கும் ஹிப்போகம்பசில் தெரிகிறது. ஆய்வாளர் ஜியோவன்னா மல்லுச்சியின் குழு, மூளைச்சிதைவு நோய் ஏற்றப்பட்ட எலிகளில் புரத உற்பத்திக்கு விழுந்த இந்தத் தடையை நீக்கியபோது நரம்புக்கலங்கள் பிழைத்தன. ஆனால் 2013இல் இதற்குக் கொடுத்துப் பார்த்த மருந்து கணையத்தைப் பாதித்தது.

கை நடுங்கத் தொடங்கும்போது கருந்திட்டில் பெரும்பங்கு போயிருக்கும். அதற்குப் பல வருடங்கள் முன்பே வாசம் தெரியாமற் போகலாம், மலச்சிக்கல் விடாமல் தொடரலாம், கனவில் கைகாலை உதறலாம். இவை ஒன்றுசேர்ந்து வந்தால், மருந்தடித்த வருடங்களையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.