புறம்போக்கு யாருக்குச் சொந்தம்?

நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றப் போகிறோம் என்று ஓர் அறிக்கை வெளிவருகிறது. வெளிவந்த சில நாட்களில் புல்டோசர் எங்கே போய் நிற்கிறது? அடையாற்றங்கரையில், கூவத்தங்கரையில், ஓலையும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைகளின் எதிரே! மூட்டை தூக்குகிறவனும், சித்தாள் வேலைக்குப் போகிறவளும், வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிற தாய்மாரும் குடியிருக்கும் இடம் அது. அவர்கள்தான் ஆற்றைக் கெடுத்தார்களாம். அவர்களால்தான் வெள்ளம் வந்ததாம்! 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு இந்தக் குற்றச்சாட்டை நாம் காது புளிக்கக் கேட்டோம்.

கேட்டதோடு முடியவில்லை. கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களைப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அடுக்கு வீடுகளில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அந்த ஊர்கள் எப்படிப்பட்ட பூமி? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பூமி. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும் பூமி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளத்தின் வாயிலேயே கொண்டுபோய் வைத்த விந்தையை என்னென்பது!

இந்த விந்தை எப்படி நடக்கிறது? இன்ன நிலம் இன்னதற்கு என்று தீர்மானிக்கும் மேசையில் அந்தந்த ஊர் மக்களுக்கு நாற்காலி இல்லை, அதனால் நடக்கிறது. இதைத்தான் இன்று தோழர்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

புறம்போக்கு என்ற சொல்லை நம்மவர்கள் வசவாக்கி வைத்திருக்கிறார்கள். சொல்லின் பொருளோ வேறு. வரி விதிப்புக்குப் புறம்பாக, தனியார் எவருக்கும் பட்டா இல்லாமல், ஊருக்கென்று விடப்பட்ட நிலம் அது. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், மயானம், வண்டிப்பாதை, தோப்பு - இத்தனையும் அதில் அடக்கம். ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிக்காரன் தன் ஆட்டை மேய்த்ததும், சுள்ளி பொறுக்கியதும், மீன் பிடித்ததும் இந்த நிலத்தில்தான். அதிலும் எல்லாருக்கும் சம உரிமை இருந்தது என்று நாம் கதை அளக்க மாட்டோம். ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்கவும் பொதுப் பாதையில் பிணத்தைத் தூக்கிச் செல்லவும் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்த நாடு இது.

வெள்ளைக்காரன் என்ன செய்தான்? 1905-இல் சென்னை மாகாணத்திற்கு நில ஆக்கிரமிப்புச் சட்டம் கொண்டுவந்தான். சாலை, தெரு, ஆறு, ஏரி, ஓடை, ஓடுகிற தண்ணீர், தேங்குகிற தண்ணீர் எல்லாம் சர்க்கார் சொத்து என்று ஒரே பிரிவில் எழுதிவிட்டான். ஊர் சொத்து ஒரே நாளில் கோட்டைச் சொத்து ஆயிற்று. வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் போகவில்லை. இன்றைக்கும் புறம்போக்கில் குடிசை போட்டவன் கைக்கு வருகிற ‘பி மெமோ’ அந்தச் சட்டத்தின் பிள்ளைதான்.

சொந்தக்காரன் என்று தன்னை அறிவித்துக்கொண்ட சர்க்கார் சொத்தைக் காத்த இலட்சணத்தைப் பள்ளிக்கரணையில் பார்க்கலாம்.

தென்சென்னையைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்குப் போய், முடிவில் பள்ளிக்கரணைக் கழிவெளியில் வந்து சேரும். அங்கே பரந்து, தேங்கி, நிலத்தடிக்கு இறங்கியது போக மீதி ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுவதைப் போன்ற ஏற்பாடு. அந்தப் பஞ்சின் மேல் மண் கொட்டினால் தண்ணீர் மாயமாய் மறைந்துவிடுமா? வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் நிற்கும். 2015-லும் நின்றது; 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நின்றது.

1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்று கணக்கிடப்படும் சதுப்பு நிலத்தில், சதுப்பாகவே எஞ்சியது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தை விழுங்கியவர் யார்? குடிசைக்காரனா? மத்திய சர்க்காரின் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே இருக்கிறது. காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. பறக்கும் ரயில் பாதை அந்தப் பக்கமாய்ப் போகிறது. கணினிக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகளும் அடுக்கு மாடிகளும் சுற்றி வளைத்து நிற்கின்றன. ‘உதவாத நிலம்’ என்று ஏட்டில் எழுதிக்கொண்டால் எதையும் கட்டலாம் அல்லவா? இவர்களுக்கெல்லாம் பி மெமோ போயிற்றா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சென்னை மாநகராட்சி செய்ததையும் மறைக்கக் கூடாது. பெருங்குடியில் 1980-களிலிருந்து கொட்டிய குப்பை 200 ஏக்கருக்கு மேல் பரவி மலையாக நின்றது. அந்த நாளில் பெருங்குடி மாநகராட்சியின் பகுதியே அல்ல, தனிப் பேரூராட்சி. பெரிய மன்றம் தன் வீட்டுக் குப்பையைச் சிறிய மன்றத்தின் முற்றத்தில் கொட்டியது! சிறிய மன்றத்தால் தடுக்க முடிந்ததா? 2011-இல் அந்தப் பேரூராட்சி உட்பட 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு இணைத்தபோது, 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது. அவற்றில் 25 கிராம ஊராட்சிகள். இணைந்த அன்றே அந்த 25 ஊர்களின் கிராமசபை போயிற்று.

பெரும்பாக்கம் அந்த இணைப்பில் சேரவில்லை; ஊராட்சியாகவே நின்றது. நின்று என்ன? 20,000-க்கு மேற்பட்ட அடுக்கு வீடுகளைக் குடிசை மாற்று வாரியம் அந்த ஊரில் எழுப்பியது. ஒரு நகரமே ஊருக்குள் வந்து இறங்குகிறது. தண்ணீர் எங்கிருந்து, சாக்கடை எங்கே போகும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்பதையெல்லாம் முடிவு செய்தவர் ஊராட்சித் தலைவரா? அல்ல. நிலம் வருவாய்த் துறையுடையது, கட்டிடம் வாரியத்துடையது, ஏரி அப்போது பொதுப்பணித் துறையிடம், சதுப்பில் 2007-இல் காப்புக்காடாக அறிவித்த 317 ஹெக்டேர் வனத்துறையிடம், எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை என்று வரைபடம் போடுவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஊராட்சிக்கு மிஞ்சியது தெருவிளக்கு! வந்து இறங்கிய ஏழையையும் ஏற்கெனவே இருந்த ஏழையையும் ஒரு லாரித் தண்ணீருக்கு மோதவிட்டதுதான் இந்த நிர்வாகத்தின் பலன்.

சட்டத்தில் உரிமையே இல்லையா என்றால், இருக்கிறது. ஏட்டில் நிறையவே இருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 துறைகளையும், நகராட்சிகளுக்கு 18 துறைகளையும் அட்டவணை போட்டுக் காட்டுகின்றன. நகரமைப்புத் திட்டமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அந்த 18-இல் உண்டு. பெருநகர்த் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும் என்றும் அரசியல் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமோ மேய்ச்சல் தரை, களம், மயானம், வண்டிப்பேட்டை, தோப்பு ஆகியவற்றை ஊராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஆனால் ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கிற அதிகாரம் கலெக்டரிடம். தலைவரை நீக்குகிற அதிகாரமும் கலெக்டரிடம். காவல்காரன் வேலை ஊராட்சிக்கு, சாவிக்கொத்து தாலுகா ஆபீசுக்கு.

அந்தக் காவல்காரனையாவது வேலையில் வைத்தார்களா? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. கிராமப்புறத் தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், மிஞ்சிய ஒன்பதில் 2021 அக்டோபரிலும் நடந்தது. சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகள் ஆட்சி. 2025 ஜனவரியில் மீண்டும் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். ஆட்சிகள் மாறின, இந்தப் பழக்கம் மாறவில்லை.

‘உள்ளாட்சிக்காரர்கள் மட்டும் யோக்கியரா? ஏரி மண்ணை விற்பவர்களும் அவர்கள்தானே?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பஞ்சாபில் பட்டியாலா மாவட்டத்து ரோகர் ஜாகிர் என்ற ஊரில் குளத்தை மண் போட்டு மூடி வீடு கட்டினார்கள். ஊராட்சியே அவர்களோடு கைகோத்திருந்தது என்று கமிஷனர் கண்டார். ஆனால் அந்தக் கதையில் கலெக்டர் எப்படி நடந்தார் தெரியுமா? ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற வேண்டாம், நிலத்துக்கு விலை வாங்கிக்கொண்டால் போதும் என்றார்! 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் சர்க்கார் முறைப்படி கொடுத்த இடங்களுக்கு விலக்கும் சொன்னது. புல்டோசரோடு வருகிறவர்கள் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதிக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

ஆகவே தலைவர் ஒருவரின் கையில் எல்லாவற்றையும் கொடு என்று நாம் கேட்கவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் கண்ட இனம் என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்த வாரியத்தில் உட்காரக் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்வதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? நிலமில்லாதவன் ஏரியைப் பற்றிப் பேச முடியாத சபை அது. இன்றைய கிராமசபையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. பெரும்பாக்கத்து அடுக்கு வீட்டில் வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவருக்கும் உண்டு.

கிராமசபை கூடும் நாட்களில் மே முதல் நாளும் ஒன்று. காலையில் கொடியேற்றிவிட்டு வீடு திரும்பாமல் தோழர்கள் நேரே அங்கே போகட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லட்டும். புறம்போக்கு என்று எழுதிய சர்வே எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொல்லி, இன்று அதில் என்ன இருக்கிறது, யார் கொடுத்தது, எந்த உத்தரவில் கொடுத்தது என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். நகரத்துத் தோழர்களுக்கு 2022 விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.