ஜோடி விளக்கைப் பிரிக்காதீர்கள்!

போன போகிக்குப் பரணை ஒழித்தபோது, ஒரு கோணிக்குள் இரண்டு பழைய பித்தளைக் குத்துவிளக்குகள் கிடைத்தன. கறுத்துப்போய், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தன. 'பழைய பித்தளைக்கு எவர்சில்வர் எடுத்துக்கலாமே, ஒன்றையாவது போட்டுவிடுவோம்' என்று ஒரு விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசில் வைத்து எடைக்கு ஒரு விலை சொன்னார். உச்சியில் இருந்த அன்னத்தை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து விட்டேன்.

"அது ஜோடிம்மா. எங்க அம்மா வீட்டுச் சீரு. ஒண்ணைக் குடுத்துட்டா இன்னொண்ணு ஒத்தையா நிக்குமே" என்றார் மாமியார்.

பிறகுதான் உட்கார்ந்து விளக்கை நன்றாகப் பார்த்தேன். அடியில் தாமரை இதழ்கள், தண்டில் அடுக்கடுக்காக வளையங்கள், ஐந்து முகத் தட்டு, அதன் மேல் அன்னம். எல்லாம் தனித்தனியாகச் செய்து திருகிப் பொருத்தியவை. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் இப்படிப்பட்ட விளக்குகளை இன்றும் செய்கிறார்கள். மணல் அச்சில் பித்தளையை உருக்கி ஊற்றி, கடைந்து, உளியால் வேலைப்பாடு செய்கிறார்கள். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று சொல்வார்களே, அந்த அன்னம்தான் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வேலைக்கெல்லாம் தராசில் எடை உண்டா?

குளிர் தேசத்து வீடுகளிலும் இந்த ஜோடி வழக்கம் உண்டு. அங்கே கணப்பு அடுப்பில் விறகைத் தாங்க இரண்டு இரும்புத் தாங்கிகள் வைப்பார்கள். அவற்றின் முன்பக்கத்தைப் பித்தளையில் அலங்கரிப்பார்கள். பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பார்த்து எடுத்த தூண், கலசம், தீச்சுடர் வடிவங்கள் அதில் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டு ஜோடிகளை இன்று அருங்காட்சியகங்களில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

நம்ம செஞ்சியையே பாருங்களேன். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடுள்ள கல்தூண்கள், இங்கிருந்து போனவை. 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் போன தூண்கள் போனவைதானே! வீட்டு விளக்கும் அப்படித்தான். ஒரு தடவை உருக்குக்குப் போய்விட்டால் திரும்பி வராது.

சரி, கறுத்த விளக்கை எப்படிச் சுத்தம் செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாகங்களைக் கழற்றுங்கள். திருகு இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தால் இளகிவிடும். பிசுக்குப் போக, சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். அப்புறம் புளிக்கரைசலைத் தடவி ஐந்து நிமிஷம் கழித்துக் கழுவுங்கள். இதழ் இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ் போதும். செங்கல் பொடியும் கம்பி நாரும் வேண்டாம், சித்திரமே தேய்ந்துவிடும். ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து, விளக்கைச் செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக ஆக்கிவிடும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நடை பழகும் குழந்தை விளக்குத் தண்டைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பார்க்கும். பெரிய விளக்கு கனமானது, மேலே சாய்ந்தால் ஆபத்து. ஏற்றியிருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். உங்கள் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

பொங்கலன்று இரண்டு விளக்கையும் வாசல்படிக்கு உள்ளே ஏற்றி வைத்தோம். மாமியார் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "எங்கம்மா ஏத்தின மாதிரியே இருக்கு" என்றார். ஒரு எவர்சில்வர் குடத்துக்காக இதைத் தொலைக்க இருந்தேனே!

உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தரம் பாருங்களேன், சகோதரிகளே.