உங்களுக்குத் தெரியுமா? காக்கிச் சீருடையில் இளம் தூதர்கள்

பெண்ணாடம் மாணவருக்கும் என்.சி.சி. வழியாக வெளிநாடு செல்லும் வாய்ப்பு உண்டு!

● 1948-இல் உருவான தேசிய மாணவர் படை (என்.சி.சி.), நட்பு நாடுகளுடன் 'இளைஞர் பரிமாற்றத் திட்டம்' நடத்துகிறது. நம் மாணவர்கள் அங்கே போவார்கள். அவர்கள் இங்கே வருவார்கள்.

● இலங்கை, வங்கதேசம், வியட்நாம், சிங்கப்பூர், ரஷ்யா ஆகியவை இதில் பங்கேற்ற நாடுகளில் சில.

● தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் ஒரே என்.சி.சி. இயக்குநரகம். அதன் அணியில் இடம்பிடித்து, ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போவதே வெளிநாடு செல்வதற்கான முக்கியப் படி.

● மிடுக்கான அணிவகுப்பு மட்டும் போதாது. பொது அறிவு, குழு விவாதம், நேர்காணல் எல்லாவற்றிலும் தேற வேண்டும்.

● டெல்லி முகாமில் வெளிநாட்டு மாணவர்களும் தங்கி, தங்கள் நாட்டுக் கலை நிகழ்ச்சிகளை அரங்கேற்றுவார்கள்.

● இலங்கையின் மாணவர் படை நம்முடையதைவிட மூத்தது. 1881-இல் கொழும்பு ராயல் கல்லூரியில் அது தொடங்கியது.