வீட்டுத் தோட்டத்தில் சேகோ பனை: ஆடும் நாயும் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை

செஞ்சி, அனந்தபுரம் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளின் வாசலில் இப்போது சேகோ பனை வைப்பது வழக்கமாகி வருகிறது. தண்ணீர் அதிகம் கேட்காது, இலை கொட்டிக் குப்பை சேராது, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். அழகுச்செடி என்ற வகையில் நல்ல தேர்வுதான். ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, இது பனையே அல்ல. பனைமலைக்குப் பெயர் கொடுத்த நம் பனைக்கும் இதற்கும் உறவு கிடையாது. சைகஸ் ரெவல்யூட்டா என்ற இந்தச் செடியின் பூர்வீகம் ஜப்பானின் தென்பகுதித் தீவுகள். பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே உலகில் இருந்த சைகஸ் இனத்தைச் சேர்ந்தது. பெயரில் சேகோ இருப்பதால் ஜவ்வரிசி இதிலிருந்து வருகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. நாம் பாயசத்துக்குப் போடும் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. இந்தோனேசியா பக்கம் சேகோ மாவு தரும் மரம் வேறு ஒரு உண்மையான பனை.

இரண்டாவது, இது முழுச்செடியும் விஷம். இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் சைகசின் என்ற நச்சு இருக்கிறது. விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதையைக் கடித்துத் தின்றாலே நாய் இறந்துபோகலாம். கல்லீரல்தான் முதலில் பாதிக்கும். வாந்தி, சோர்வு, பிறகு கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் தெரியும். சைகஸ் இலையை மேய்ந்த மாடுகளுக்குப் பின்னங்கால்கள் தள்ளாடி விழுந்துபோவது ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய்.

நம் ஊரில் ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? கழித்த இலையை மதிலுக்கு வெளியே வீசும் இடத்தில்தான். தெருவில் மேயும் வெள்ளாடு எதையும் ஒரு வாய் கடித்துப் பார்க்கும். வெட்டிய இலையைத் தெருவிலோ எருக்குழியிலோ போடாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள். ஆடோ நாயோ தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் கொண்டுபோனால்தான் பலன். 1962 எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், குழந்தை வளரும்வரை இந்தச் செடியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நடவு

நாற்றுப்பண்ணையில் வாங்கும்போது அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். அமுங்கினால் உள்ளே அழுகல். இலையின் அடிப்பக்கம் வெள்ளைச் செதில் ஒட்டியிருந்தால் அந்தச் செடி வேண்டாம். செதில்பூச்சி ஒருமுறை வந்துவிட்டால் ஒழிப்பது கடினம். தண்டு ஓர் அடி உயர்வதற்கே பல ஆண்டுகள் ஆகும், அதனால்தான் பெரிய செடிக்கு அவ்வளவு விலை. சின்னதாக வாங்கி வளர்ப்பதே லாபம்.

செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நடுங்கள். தண்டின் அடி தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும். களிமண் வயலை மனையாக்கிய இடமென்றால் மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். இந்தச் செடி வெயிலில் காய்ந்து சாவதைவிட ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கிச் சாவதே அதிகம். கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விட்டால் போதும். உச்சிக் குருத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், எருவையும் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள்.

தொட்டி மாற்றும்போது வேரில் பவளம்போல முடிச்சு முடிச்சாகத் தெரியும். கத்தரி, தக்காளியில் நூற்புழு முடிச்சு பார்த்துப் பழகியவர்கள் நோய் என்று நினைத்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அது நோய் அல்ல. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கும் வேர் அது. அப்படியே விடுங்கள்.

குருத்து காணாமல் போகிறதா?

பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுக்குருத்து மொத்தமாக வரும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் வெறும் நரம்புதான் மிஞ்சும். காரணம், சிறிய நீலநிற வண்ணத்துப்பூச்சி ஒன்று. அறிவியல் பெயர் சிலாடஸ் பாண்டவா. இளங்குருத்தில் முட்டையிடும், புழு பொரித்துக் குருத்தை அரித்துவிடும். குருத்தில் எறும்பு கூட்டமாக ஓடினால் புழு இருக்கிறது என்று அர்த்தம், புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கும்.

குருத்து தலைகாட்டியதும் பழைய கொசுவலையைப் போர்த்திக் கட்டிவிடுங்கள். இலை விரிந்து முற்ற மூன்று, நான்கு வாரம் ஆகும். அதன்பின் புழுவால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றிரண்டு செடிக்கு மருந்தைவிட இதுவே மேல். வலை இல்லையென்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம்.

புதிய இலை சுருண்டு கருகியதுபோல வந்தால் அது மாங்கனீசுக் குறை. உப்புத்தன்மையும் சுண்ணாம்பும் உள்ள மண்ணில் வரும். மாங்கனீசு சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளியுங்கள். சுருண்ட இலை நிமிராது, அடுத்த குருத்து சரியாக வரும். அடி இலைகள் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. முழுக்கக் காய்ந்த இலையை மட்டுமே வெட்ட வேண்டும். அழகுக்காகப் பச்சை இலையை வெட்டினால் செடி இளைத்துப்போகும்.

வயதான பெண் செடியின் நடுவில் பஞ்சுப் பந்துபோலக் கிளம்பி, அதில் ஆரஞ்சு நிற விதைகள் பிடிக்கும். விதை முற்றும்வரை வைக்காதீர்கள். பந்து வந்ததுமே கையுறை போட்டு வெட்டி எடுத்துப் புதைத்துவிடுங்கள். கூடுதல் செடி வேண்டுமென்றால் அடியில் வரும் பக்கக்கன்றுகளைத் தை, மாசியில் பிரித்து, இலைகளை நீக்கி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து மணலில் நடலாம். வேர்விடச் சில மாதங்கள் ஆகும், அதுவரை தினமும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.