துப்பாக்கிக் குழலின் புரி

1860ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள். இங்கிலாந்தின் விம்பிள்டன் திடலிலே விக்ரோறியா மகாராணியார் ஒரு பட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தார். தாங்கியில் நிறுத்தப்பட்டிருந்த றைபிள் வெடித்தது. 400 யார் தொலைவிலிருந்த இலக்கின் நடுவை ஒட்டிக் குண்டு பாய்ந்தது. அத்துப்பாக்கியை ஆக்கியவர் மஞ்செஸ்ரர் நகரப் பொறியியலாளர் விட்வேர்த். அவர் வெற்றியின் இரகசியம் குழலினுள்ளே மறைந்திருந்தது.

றைபிளின் குழலுள் திருகாணியின் புரிபோல வளைந்தோடும் தவாளிப்புகள் உள. அவை குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் குண்டும் முனை பிறழாது செல்கின்றது. புரி ஒரு முழுச்சுற்றுச் சுற்றுதற்கு வேண்டிய குழல் நீளமே புரியளவு. அக்காலத்து என்பீல்ட் படைத் துப்பாக்கியில் அது 78 அங்குலம். விட்வேர்த் அறுகோணமாக முறுக்கிய குழலில் 20 அங்குலம். இரண்டின் குண்டுகளும் ஏறக்குறைய ஒரே நிறையின. எனினும், விட்வேர்த்தின் குண்டு ஒடுங்கியது, நீண்டது. நீண்ட குண்டு நிலைபெற விரைந்த சுழற்சி வேண்டும்.

அனுமதிப்பத்திரம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் புரியளவை வீட்டிலேயே காணலாம். முதலில், குழலும் வெடியறையும் வெறுமையாயிருப்பதை இருமுறை உறுதிசெய்க. தோட்டாக்களை வேறோர் அறையில் வைக்க. பிடியுள் தடையின்றிச் சுழலவல்ல துப்புரவுக் கோலின் நுனியில் இறுக்கமான துணித்துண்டைப் பொருத்திச் சிறிது உட்செலுத்துக. கோலின் மேற்புறத்தில் நெடுகக் கோடிட்டு, அது குழலின் விளிம்பைத் தொடும் இடத்தைக் குறிக்க. பின் மெல்லத் தள்ளினால், துணி தவாளிப்பைப் பற்றிக் கோலைத் திருப்பும். கோடு முழுதும் சுற்றி மீண்டும் மேலே வந்ததும் மறுபடி குறிக்க. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட நீளமே புரியளவு. துணி வழுக்குதலும் உண்டாதலின், மும்முறை அளந்து ஒப்புநோக்குக. மேற்கூறிய என்பீல்ட் குழலின் நீளமோ 39 அங்குலமே. அதில் கோல் அரைச்சுற்றே சுற்றும். அத்தகைய குழலில் அரைச்சுற்றின் நீளத்தை இருமடங்காக்கல் வேண்டும்.

வூலிச்சில் பீரங்கிப் படையினர்க்குக் கணிதம் கற்பித்த கிறீன்ஹில் என்பார் 1879இல் எளிய விதியொன்று வகுத்தார். ஈயக் குண்டின் நீளம் விட்டத்தின் எத்தனை மடங்கோ அத்தொகையால் 150ஐ வகுத்து, விட்டத்தாற் பெருக்குக. விட்டம் 0.3 அங்குலமும் நீளம் 1.2 அங்குலமும் ஆயின், 150ஐ 4ஆல் வகுக்க 37.5; அதனை 0.3ஆற் பெருக்க 11.25 அங்குலம். இது அண்ணளவே எனினும் நல்ல வழிகாட்டி.

புரி இதனினும் மிக மந்தமாயின், குண்டு தடுமாறிப் புரண்டு குறிதவறும். சுட்டவன் எண்ணாத இடத்திற் சென்று வீழும். ஆதலின் கோலும் துணியும் கொண்டு செய்யும் இச்சிறு அளவை வெறும் பொழுதுபோக்கன்று. தன் துப்பாக்கிக்கு உரிய குண்டு எதுவென அறிந்த பின்னரே விசையைத் தொடுதல், அதனை ஏந்துவோன் கடமையாகும்.