பானை காலியாவது ஏன்?

"தம்பிக்குப் பழையபடி முத்திப்போச்சுங்க, ஐயா! ராத்திரியெல்லாம் தண்ணி, தண்ணின்னு கேக்கறான். விடியறதுக்குள்ள ஒரு பானை காலியாவுது. அஞ்சு தரம் எழுந்து கொல்லைப்பக்கம் போறான்."

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒரு வீட்டு அக்கா இப்படி முறையிடுவதாக வைத்துக்கொள்வோம். தம்பிக்கு வயது 38. பத்து வருஷமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் கேட்ட குரல்கள் அடங்கி, மறுபடி தறியில் உட்கார ஆரம்பித்த சமயத்தில் இந்தத் தாகம்!

வீட்டார் என்ன செய்வார்கள்? மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா, கோயிலுக்கு அழைத்துப் போகலாமா என்று யோசிப்பார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றாது. ஆனால், விடை அந்தத் துளியில் இருக்கலாம். தம்பிக்கு வந்திருப்பது சர்க்கரை வியாதியாக இருக்கலாம்!

மனம் நோயுற்றவருக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு. கேட்பதற்குச் சாதாரணமான இந்த உண்மையைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையும் விபத்தும்தான் இதற்குக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோவது இருதய நோய், சர்க்கரை, சுவாச நோய், தொற்று நோய் போன்றவையே. வேளையோடு பார்த்தால் தடுக்கக் கூடியவை!

காரணங்கள் மூன்று. முதலாவது, மருந்து. 1952-ல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது முதல் வைத்தியத்தின் போக்கே மாறிவிட்டது; எத்தனையோ பேர் வீடு திரும்பினார்கள். பின்னால் வந்த ஒலன்சபின், குளோசபின் போன்றவையும் நல்ல மருந்துகளே. ஆனால் சிலருக்கு எடை ஏறும்; சர்க்கரையும் கொழுப்பும் கூடும். குளோசபின் சாப்பிடுகிறவருக்குக் கடும் மலச்சிக்கல் வந்தால், அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்! அது இன்னும் பெரிய ஆபத்து. டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு.

இரண்டாவது, வாழ்க்கை முறை. வேலை இல்லை, வெளியே நடமாட்டம் இல்லை. துணைக்கு இருப்பது ஒரு கட்டு பீடி. உடம்பு என்னவாகும்?

மூன்றாவதுதான் மிகவும் வருத்தமானது. அவர் சொல்வதை நாம் நம்புவதில்லை. "நெஞ்சு அடைக்குது" என்றால், "எப்பவும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவான்" என்கிறோம். சில சமயம் ஆஸ்பத்திரியிலும் மனநோய்ச் சீட்டைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே தங்கிவிடுகிறது!

சட்டம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2017-ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. மனநோய் உள்ளவருக்கும் உடல்நோய் உள்ளவருக்கும் வைத்தியத்தில் பேதம் கூடாது என்கிறது அது. ஆம்புலன்ஸ் கூட இருவருக்கும் ஒரேமாதிரி கிடைக்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும், வீட்டார் என்ன செய்யலாம்? இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறினால் வேலூர். அங்கே பாகாயத்தில், சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் 1957-ல் ஏற்பட்டது. நோயாளியை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாமல், சொந்தக்காரர் ஒருவரும் கூடவே தங்கும் வழக்கத்தை அது கைக்கொண்டது. என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் கூட இருக்கும் அக்காவுக்கோ அம்மாவுக்கோதானே தெரியும்?

அந்த அக்கா நாலு விஷயங்களைக் கவனித்தால் போதும். எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும். மருந்து ஆரம்பிக்குமுன் ஒரு தரம், மூன்று மாதம் கழித்து ஒரு தரம், பிறகு வருஷத்துக்கு ஒரு தரமாவது இவற்றைப் பார்த்துவிட வேண்டும். பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையோடு போக வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே ஊழியர் வருகிறார். உடனே பாட்டியைக் கூப்பிடுகிறோம், அப்பாவைக் கூப்பிடுகிறோம். உள் அறையில் உட்கார்ந்திருக்கும் தம்பியை மட்டும் கூப்பிடுவதில்லை. "அவனை எதுக்கு வெளியே..." என்று ஒரு கூச்சம்!

அடுத்த முறை அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். "தம்பி, இப்படி வாப்பா, கையை நீட்டு" என்று சொல்லுங்கள். தண்ணீர்ப் பானை ஏன் காலியாகிறது என்பது அன்றே தெரிந்துவிடலாம்.