நிமிடத்துக்கு மூன்றரைக் கிலோ பனி
பழைய ஸ்னோமொபைல் சூடேறும்போது எதற்கு எவ்வளவு: ஒரு வரவு செலவுக் கணக்கு

வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். வண்டியின் முகப்பில் மட்டும் சூடு விளக்கு சிவப்பாக எரிகிறது. இந்தக் குளிரில் என்ஜின் கொதிக்குமா என்று கேட்டால், கொதிக்கும். கூலன்ட் ஓடும் ஸ்னோமொபைலைக் குளிரவைப்பது குளிர்ந்த காற்று அல்ல, உருகும் பனி. பாகம் வாங்கக் கடைக்குப் போகும் முன் அந்தப் பனியை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கணக்குக்கு 1990-களின் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இரண்டு சிலிண்டர், 500 சிசி, டூ-ஸ்ட்ரோக் என்ஜின், கூலன்ட் ஓடும் அமைப்பு. 1989-இல் வந்த போலாரிஸ் இண்டி 500 இந்த ரகம். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இத்தகைய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

வரவு: வெப்பம்

ஒரு மணி நேரத்தில் 12 லிட்டர் பெட்ரோல் எரிகிறது என்று வைப்போம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. 12 லிட்டருக்கு 384 மெகாஜூல். அதில் ஒரு பங்கு வண்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையான டிராக்கைச் சுழற்றுகிறது, பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு கூலன்ட்டில் சேர்வதாகக் கொண்டால் மணிக்கு 77 மெகாஜூல், அதாவது நொடிக்கு 21 கிலோஜூல்.

செலவு: பனி

இந்த வண்டியில் காரில் இருப்பதுபோல் ரேடியேட்டர் கிடையாது. டிராக் சுழலும் டனலின் உட்புறத்தில் நீளமான அலுமினிய வெப்பமாற்றிகள் பொருத்தப்பட்டிருக்கும். டிராக் வாரி அடிக்கும் பனி அவற்றின் மேல் பட்டு உருகும்.

ஒரு கிலோ பனியை 0 டிகிரியில் உருக்க மட்டும் 334 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 0-இலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்குவதற்கும் அதே அளவுதான். மைனஸ் 10-இல் கிடக்கும் பனியை முதலில் 0-க்குக் கொண்டுவர இன்னும் 21. ஆக ஒரு கிலோ பனி 355 கிலோஜூலை விழுங்கும். 77 மெகாஜூலுக்கு மணிக்கு 216 கிலோ பனி வேண்டும், நிமிடத்துக்கு 3.6 கிலோ. புதிதாக விழுந்த பஞ்சுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ இருந்தால், நிமிடத்துக்கு 36 லிட்டர். உருகிய நீர் மேலும் சூடாகி எடுத்துச் செல்லும் பங்கை இதில் சேர்க்கவில்லை.

இப்போது காற்று பனியைத் துடைத்துவிட்ட ஏரி ஐஸின் மேல் வண்டி ஏறுகிறது. பனி வரத்து பூஜ்யம். நாலரை லிட்டர் கூலன்ட்டும் 25 கிலோ அலுமினிய உலோகமும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற 38 கிலோஜூல் போதும். 60 டிகிரியிலிருந்து 100-க்குப் போக 1,520 கிலோஜூல். நொடிக்கு 21 வீதம் வந்தால் 72 நொடி. காற்று கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகும் என்பதால் நிஜத்தில் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவே.

ஆகவே முதல் வைத்தியத்துக்குச் செலவு இல்லை: பாதையை விட்டு ஓரத்தில் கிடக்கும் தளர்ந்த பனிக்குள் இறங்கி ஓட்டுவது. சில நிமிடங்களில் விளக்கு அணைந்தால் என்ஜினில் குறை இல்லை, பாதையில்தான் குறை. ஐஸ் பாதையில் அடிக்கடி ஓடுபவர்கள் சஸ்பென்ஷன் தண்டில் ஐஸ் ஸ்க்ராட்சர் மாட்டுகிறார்கள். ஸ்பிரிங் கம்பியின் நுனி தரையைக் கீறி ஐஸ் தூளைக் கிளப்ப, டிராக் அதை வாரி மேலே அடிக்கிறது.

கையால் ஒரு சோதனை

தளர்ந்த பனியிலும் விளக்கு எரிந்தால், என்ஜினை நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றி வெப்பமாற்றியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். முதலில் சட்டென்று தொட்டு எடுத்து, சூடு தாங்குமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். என்ஜின் தலை கொதிக்க, வெப்பமாற்றி சில்லென்று இருந்தால் கூலன்ட் சுற்றவில்லை. தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, பம்ப் சுழலவில்லை, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. என்ஜினும் வெப்பமாற்றியும் வெதுவெதுப்பாகவே இருந்து விளக்கு மட்டும் எரிந்தால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகிக்கலாம். கூலன்ட் பாட்டிலில் குமிழ் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு.

ஏர் லாக் என்பது கூலன்ட் மாற்றிய வண்டிகளின் தீராத வியாதி. காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய் உட்காரும். காற்றை வெளியேற்றும் திருகு இருக்கும் பக்கம் மேலே வரும்படி வண்டியைத் தூக்கி வைத்து, குமிழ் இல்லாமல் கூலன்ட் வழியும்வரை திறந்து வைக்க வேண்டும். செலவு: ஓர் அரைமணி நேரம்.

கூலன்ட்டில் சில எண்கள்

எதிலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, 107-இல் கொதிக்கும். 13 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை இன்னும் 20 டிகிரி அளவுக்கு ஏறும். ரப்பர் வளையம் காய்ந்த மூடி இந்த 20 டிகிரியையும் இழந்துவிடும். குளிருக்குப் பயந்து கிளைகாலை மட்டும் ஊற்றுபவர்கள் உண்டு. தண்ணீர் கலக்காத கிளைகால் மைனஸ் 13-இலேயே உறையத் தொடங்கும், வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும். சூடான என்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறவிட்டே திறக்க வேண்டும்.

விசிறியால் குளிரும் பழைய வண்டிகளில் கூலன்ட்டே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியவை விசிறி பெல்ட், சிலிண்டர் துடுப்புகள், அவற்றை மூடும் தகடு. கோடையில் கொட்டகையில் நின்ற வண்டி என்றால் தகட்டுக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விளக்கு காட்டாத சூடு

சூடு விளக்கு கூலன்ட்டைத்தான் பார்க்கும். பிஸ்டனின் தலையை அது பார்க்காது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பிஸ்டன் சூடு. காற்று அதிகமாகி, பெட்ரோல் குறைந்த கலவை, அதாவது லீன் ஆனால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி, என்ஜின் சீஸ்.

கலவையில் பெட்ரோல் எப்படிக் குறைகிறது? 0 டிகிரிக்குச் சரியாக ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) போட்ட வண்டியை மைனஸ் 30-இல் ஓட்டினால் காற்றின் அடர்த்தி 12 சதவீதம் கூடும். கார்புரேட்டர் இழுக்கும் பெட்ரோல் அதில் பாதியளவே கூடும். ஆக 6 சதவீதம் லீன். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஜெட் போட்ட வண்டியில் 10 சதவீத எத்தனால் கலந்ததை ஊற்றினால் இன்னும் 4. சென்ற ஆண்டுப் பெட்ரோல் ஜெட்டுக்குள்ளேயே காய்ந்து பிசினாகித் துளையின் விட்டத்தை 5 சதவீதம் குறைத்தால் பரப்பு 10 சதவீதம் குறையும். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 18 சதவீதம் பெட்ரோல் குறைவு. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

பயந்து ஆயிலைக் கூட்டுவதும் உதவாது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. அதை 25:1 ஆக்கினால் ஜெட் வழியே போகும் கலவையில் ஆயில் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு 2 சதவீதம் லீன்.

இதைக் காட்டிக்கொடுப்பது பிளக். கழற்றிப் பார்த்தால் நுனியின் பீங்கான் பால்காப்பி நிறத்தில் இருப்பது நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. ஒரு பிளக் மட்டும் வெள்ளை என்றால் அந்தப் பக்கத்து ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டர் ரப்பரோ கிராங்க் சீலோ விரிசல் விட்டுக் காற்றை உறிஞ்சும். கிராங்க்கேஸில் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, 6 நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம்.

டாலர் கணக்கு

விலைகள் தோராயமானவை, கனடிய டாலரில். முதலில், என்ஜின் சீஸ் ஆகும் முன் செய்யக்கூடியவை:

கம்ப்ரஷன் கேஜ்: 40
பிளக் இரண்டு: 10
கார்புரேட்டர் சுத்தம், கேஸ்கெட்: 30
மெயின் ஜெட் இரண்டு: 15
கூலன்ட், காய்ச்சி வடித்த நீர்: 28
அழுத்த மூடி: 20
தெர்மோஸ்டாட்: 30
ஐஸ் ஸ்க்ராட்சர் ஒரு ஜோடி: 80
கூட்டுத்தொகை: 253
ஒன்டாரியோவின் 13 சதவீத வரியுடன்: 286

என்ஜின் சீஸ் ஆன பிறகு வரும் பட்டியல் இது:

பிஸ்டன் செட் இரண்டு: 300
கேஸ்கெட் செட்: 80
சிலிண்டர் கடைசல் அல்லது பூச்சு வேலை, இரண்டு: 500
கிராங்க்: 600
கூலி, 10 மணி நேரம், மணிக்கு 120: 1,200
கூட்டுத்தொகை: 2,680
வரியுடன்: 3,028

இப்படிப்பட்ட வண்டி ஓடும் நிலையில் 2,000 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்தால், இரண்டாவது பட்டியல் வண்டியையே விழுங்கிவிடுகிறது. அதனால்தான் முதல் பட்டியலின் தலையில் கேஜ் நிற்கிறது. இரு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், மற்ற ஏழையும் வரிசையாக, ஒவ்வொன்றாக, நடுவில் ஓட்டிப் பார்த்துச் செய்யலாம். பெரும்பாலும் பட்டியல் முழுதும் தேவைப்படாது. வித்தியாசம் அதைத் தாண்டினால் 30 டாலர் தெர்மோஸ்டாட்கூட வீண் செலவு. சிலிண்டர் தலையைக் கழற்றி பிஸ்டனைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த டாலரை எடுக்க வேண்டும்.